கடற்பசுவுக்கு முன்னால் வாய்மூடிய வரலாறு

மயிலை மாலை மன்றத்தின் மணிவிளக்காய், அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு மேசைமணியும் வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் அவைத் தலைவர் ராஜகோபாலன் அவர்களே! வாய் திறக்கும் முன்பே தம் அத்தர் வாசத்தால் பாதி உரையை நிகழ்த்தி முடித்துவிட்ட அருமை நண்பர், கச்சேரி சாலை அத்தர் வியாபாரி குலாம் ரசூல் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடும், மூன்றாம் வரிசையில் முறுக்குப் பொட்டலத்தோடும் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! சாந்தோமிலிருந்து ஷேர் ஆட்டோவிலும், ஆதம்பாக்கத்திலிருந்து அடித்துப் பிடித்து ரயிலிலும், அடையாற்றிலிருந்து அரைமனதோடும் வந்து சேர்ந்திருக்கும் அன்னையர் குலமே! மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, வானமே இடிந்து விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு அமர்ந்திருக்கும் இளைய தலைமுறையே! என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு, ஏன் கொடுத்தோம் என்று இப்போதே ஏங்கிக்கொண்டிருக்கும் ஒலியமைப்புத் தம்பியே! இவர்கள் எல்லோருக்கும் மேலாக, இன்றைய சிறப்புரையாளர், தீவும் கடலும் பற்றி நீங்கள் கேட்க வந்திருக்கும் நிஜமான பேச்சாளர், என் இல்லத்துக்கு அரசி, ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, திருமதி டீனா அவர்களே! உங்கள் அனைவருக்கும் சொற்கொண்டல் ஸ்தனிஸ்லாஸின் சுந்தர வணக்கம்!

என்ன தலைவரே, மணியைத் தொட்டுப் பார்க்கிறீர்கள்? வணக்கத்துக்கே மணியா?

"இல்ல ஸார், தூசி தட்டினேன். நீங்க சித்த அறிமுகம் பண்ணி வச்சுட்டு உக்காந்துடுங்கோ, போதும்" என்கிறார். கேட்டீர்களா? அறிமுகம் செய்யத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அறிமுகம் என்றால் என்ன? பெயரைச் சொல்வதா அறிமுகம்? படிப்பைச் சொல்வதா அறிமுகம்? பேரும் படிப்பும் அழைப்பிதழிலேயே அச்சாகியிருக்கின்றனவே! இந்த அம்மையார் இன்று ஏன் இந்த மேடையில் அமர்ந்திருக்கிறார் என்பதல்லவா அறிமுகம்? அதைச் சொல்லப் போனால் கப்பலேற வேண்டும். ஏறுவோமா?

நம் மன்றம் ஆண்டுதோறும் சுற்றுலா போகும் மன்றம். வேளாங்கண்ணி போனோம். நாகூர் போனோம். காசி போனோம், காசியில் நம் பொருளாளர் தொலைந்துபோய்க் கிடைத்தார். இந்த ஆண்டு செயலாளர் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்தார். 'எக்ஸ்பெடிஷன் குரூஸ்' என்று இருந்தது. அருமைப் பெரியோர்களே, நாம் எல்லோரும் இரண்டாம் சொல்லை மட்டும் படித்தோம். குரூஸ்! ஆகா, ஆட்டம் இருக்கும், பாட்டம் இருக்கும், ஐஸ்கிரீம் இருக்கும்! பட்டுப்புடவைகள் இஸ்திரிக்குப் போயின. முதற் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருவராவது கேட்டோமா? கேட்கவில்லை. அந்தமான் கடலில் கப்பல் போய் நின்றதும்தான் கேட்டோம்.

காலையில் கதவைத் தட்டினார்கள். காப்பி என்று நினைத்துத் திறந்தால், கையில் ரப்பர் பூட்ஸைத் திணித்தார்கள். மார்பில் மிதவைச் சட்டை மாட்டினார்கள். எக்ஸ்பெடிஷன் என்றால் காட்டுயிர்களைப் பார்க்கவும், கரையோர மக்களைச் சந்திக்கவும், சேற்றில் நடக்கவும் வேண்டுமாம்! குலாம் ரசூல் பாய் மேல்தளத்தில் நின்று முழங்கிய முழக்கம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"இன்னா சார் இது, அநியாயமா கீது! கப்பல்ல டான்ஸு கீதுன்னு சொல்லி இட்டுகினு வந்து, காலுக்குப் பூட்ஸு மாட்டி சேத்துல எறக்கி வுடுறாங்களே! நான் இன்னா நாத்து நடவா வந்தேன்?"

அந்தக் கப்பலில் எங்களுக்கு வழிகாட்டி, நம் மந்தைவெளிப் பெண், மஹ்விஷ். கடலுயிரியல் படித்தவள், கண்டிப்பில் தலைமையாசிரியை. முதல் நாளே விதிகளைச் சொன்னாள். எதையும் தொடக்கூடாது. எதையும் எடுக்கக்கூடாது. வாசனை பூசக்கூடாது, விலங்குகள் விலகிப்போகும். சத்தமாகப் பேசக்கூடாது, பறவைகள் பறந்துபோகும். சபையோரே, அந்த நொடியை எண்ணிப் பாருங்கள்! பாயிடமிருந்து அத்தரைப் பறித்தார்கள். என்னிடமிருந்து தமிழைப் பறித்தார்கள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கண்ணில் நீர் இருந்தது.

ஆனால் அந்தக் கப்பலில் ஒரே ஒருவர் மட்டும், 'எக்ஸ்பெடிஷன்' என்ற சொல்லைச் சரியாகப் படித்துவிட்டு ஏறியிருந்தார். அவர்தான் இதோ அமர்ந்திருக்கும் டீனா.

ஏன் தெரியுமா? பெண்கள் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகள் உயிரியல் நடத்தியவர் இவர். அங்கே சுவரில் மாட்டும் ஒரு பாடப்படம். அதில் கடற்பசு. கடலடிப் புல்லை மேய்ந்து, மூச்சுவிட மட்டும் மேலே வந்து, மறுபடி மேயப் போகும் பெரும் சாது. அந்தப் படத்தை வரைந்த ஓவியர் பெருமகனார், பசு என்று சொன்னார்களே என்று அதன் தலையில் இரண்டு கொம்பும் வரைந்துவிட்டார்! ஆண்டுதோறும் இவர் அந்தப் படத்தை மாட்டி, "பிள்ளைங்களா, எல்லாம் சரி, கொம்ப மட்டும் நம்பாதீங்க" என்று பாடம் நடத்துவார். ஆண்டுதோறும் ஒரு பெண் எழுந்து நின்று, "மிஸ், நீங்க நிஜமா பாத்திருக்கீங்களா?" என்று கேட்பாள். ஆண்டுதோறும் இவர், "இல்லம்மா" என்பார். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடமாட்டார்.

கப்பலில் ஏறிய அன்று என்னை ஓரமாக அழைத்தார். "இங்க பாருங்க, உங்ககிட்ட இதுவரைக்கும் நான் நகை கேட்டதில்ல, நட்டு கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கடற்பசு வர்ற எடத்துல மட்டும் நீங்க பேசக்கூடாது" என்றார். சத்தியம் செய்தேன். யார் மீது? என் நாவின் மீது! அங்கேதான் தவறு நடந்தது.

ஆரம்பத்தில் சிறு சிறு சறுக்கல்கள். சதுப்புநிலக் காட்டின் கால்வாயில் படகு போகிறது. கரையில் ஒரு முதலை, வெயில் காய்கிறது. அந்தக் கம்பீரத்தைக் கண்டு என்னால் பொறுக்க முடியவில்லை. "முதுகெல்லாம் முள்ளணிந்த முதலைப் பெருமகனே!" என்றேன். அவ்வளவுதான். தண்ணீரில் இறங்கிப் போய்விட்டது. நான் பேசத் தொடங்கியதும் எழுந்துபோன முதல் பார்வையாளர் அதுவல்ல என்பதால் எனக்கு வருத்தமில்லை. மஹ்விஷுக்குத்தான் வருத்தம். மீன்கொத்தி போனது. கடற்கழுகு போனது. டீனா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மணமான ஆண்கள் அறிவார்கள். மற்றவர்களுக்கு விளக்க முடியாது.

பின்வரிசையிலிருந்து யாரோ, "தலைவா, பசு எப்போ வரும்?" என்கிறார். வரும் தம்பி, வரும்! நான் பேசி முடித்தால்தான் வரும்.

ஒரு சிறு தீவுக்குப் போனோம். பெயரைச் சொன்னால் நாளைக்கே புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள் என்பதால் பெயர் சொல்லமாட்டேன். அங்கே ஒரு மீனவர் கிராமம். தெலுங்குக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் கலந்து வாழும் ஊர். கரையில் கவிழ்த்த படகுகள், கயிற்றில் காயும் கருவாடு, சந்தெல்லாம் வலை. நம் பெசன்ட் நகர்க் கரையின் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பிறந்த ஒருவரைக் கண்ணைக் கட்டி அங்கே விட்டால், வீட்டுக்கு வழி கேட்கமாட்டார். அந்தக் கிராமத்துக்கு அடுத்த வளைகுடாவில்தான் கடற்புல் இருக்கிறது. நீர் ஏறியிருக்கும் நேரத்தில் கடற்பசு அங்கே மேய வரும். நீர் வற்றினால் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே கரையிறங்கி, அந்த ஊர்ப் படகுக்காரர்களை அழைத்துக்கொண்டு, தாமதமில்லாமல் போகவேண்டும். இது மஹ்விஷ் வகுத்த திட்டம். திட்டத்தில் குறையே இல்லை. என்னை மறந்துவிட்டாள் என்பதைத் தவிர.

ரப்பர் படகிலிருந்து நான் வலதுகால் எடுத்து வைத்தேன். வலதுகால் சேற்றைத் தொட்டது. சேறு என்னைத் தொட்டது. நான் முழுவதுமாகக் கடலைத் தொட்டேன்! மூழ்கி எழுந்தபோது, உயிரோடு எழுந்துவிட்டேனே என்று கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கிராமத்துக் கருவாட்டுக் குழுவின் தலைவி நூக்கரத்தினம், காசிமேட்டில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டவர், பாவம் நனைந்துவிட்டாரே என்று ஓடிவந்து என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார்.

அவையோரே! நியாயமாகச் சொல்லுங்கள்! எதிரே கூட்டம். காதில் கைதட்டல். தோளில் ஒரு துணி. முப்பது ஆண்டுகளாக மேடையேறும் ஒருவனுக்கு இதற்குப் பெயர் என்ன? பொன்னாடை! பொன்னாடை போர்த்தியபின் பேசாமல் இறங்கிய வரலாறு என் பரம்பரையில் உண்டா? தலை துவட்டவா கொடுத்தார்கள் என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்? கால் தானாக அகன்றது. கை தானாக உயர்ந்தது. காதிலிருந்து தண்ணீர் வடிய வடிய, "கடல் சூழ்ந்த காரிகையாம் இத்தீவின் கண்மணிகளே!" என்று தொடங்கிவிட்டேன்.

ஊர்த் தலைவரை விளித்தேன். தாய்மாரை விளித்தேன். வலையை விளித்தேன், வஞ்சிரத்தை விளித்தேன். அங்கே நின்ற நாய்களையும் விட்டேனில்லை. "சார், தண்ணி வத்துது" என்றாள் மஹ்விஷ். "வற்றாத தமிழ் இருக்க வற்றும் நீருக்கு வருந்துவானேன்!" என்றேன். கைதட்டல்! அந்தக் கைதட்டலைக் கேட்டபின் எப்படி நிறுத்துவது? "இறுதியாக" என்று நான் சொன்னபோது திரும்பிப் பார்த்தேன். கடலைக் காணோம். சேற்றின் நடுவில் எங்கள் படகுகள் பலகாரத் தட்டில் ஒட்டிய பூரி மாதிரி உட்கார்ந்திருந்தன. மாலையில் நீர் ஏறும்வரை அவை அசையாது, அதற்குள் இருட்டிவிடும். வளைகுடாவுக்குப் போக வழியில்லை.

டீனா ஒரு கவிழ்த்த படகின் மீது உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நாளைக்குக் காலைல ஒரு தடவ தண்ணி ஏறும். அதோட கப்பல் கெளம்பிடும். மறுபடி இவ்வளவு தூரம் வர என் ஒடம்புக்குத் தெம்பு இருக்குமான்னு தெரியல. நாளைக்கு நீங்க வராதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நண்பர்களே, எத்தனையோ மேடையில் என் மீது தக்காளி விழுந்திருக்கிறது. எதுவும் வலித்ததில்லை. அன்றைக்கு வலித்தது.

சரி, நான் கரையிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். மஹ்விஷ் மகிழ்ந்தாள். பாயும், "அதான் சார் நல்லது" என்றார். மறுத்தது யார் தெரியுமா? நூக்கரத்தினம்!

"இன்னா நைனா, ஆளாளுக்குப் பேசிக்கினு கீறீங்க? இவர இங்க வுட்டுட்டுப் பூட்டா, நாங்க வேலவெட்டி பாக்கறதா, இவர் பேச்சக் கேக்கறதா? காலைலேர்ந்து கருவாட்டத் திருப்பிப் போடல, ஒரு பக்கம் கருகிப்போச்சு! ஒழுங்கா உங்ககூட இட்டுகினு போங்க!" என்றார்.

தாயகமும் துறந்தது, தீவகமும் துறந்தது! எங்கே போவேன்?

அதற்கும் வழி சொன்னவர் அந்த அம்மாள்தான். அந்த வளைகுடாவில் அவர்கள் இன்ஜின் போடுவதில்லை; துடுப்பை விளிம்பில் இடிப்பதுமில்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் பசு அன்றைக்கு வராது. அதனால் படகில் வாயாடி யாராவது ஏறினால், ஏறும்போதே அவர்கள் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள். கரை திரும்பும்வரை அதை விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. "எம் புருசன் கல்யாணம் ஆன வருசம் பூரா தண்ணியோடதான் வருவாரு, இப்போ பழகிட்டாரு" என்றார். தாய்மார்கள் ஏன் இப்படிக் கைதட்டுகிறீர்கள்? யாரும் குறித்துக்கொள்ள வேண்டாம்!

மறுநாள் காலை. நீர் நிறைந்து நிற்கிறது. படகில் ஏறினேன். நூக்கரத்தினம் சொம்பைச் சாய்த்தார். சொற்கொண்டலின் வாய் நிறைந்தது. கழியால் ஊன்றி, ஓசையில்லாமல் படகு நகர்ந்தது. என் எதிரே சூரியன் எழுகிறது! கீழே கண்ணாடி போன்ற நீரில் பச்சைப் புல்வெளி அசைகிறது! எத்தனை உவமைகள் என் தொண்டை வரை வந்து திரும்பிப் போயின தெரியுமா? போதாக்குறைக்குப் பாய் என் காதருகே குனிந்து, "சார், ஒரு சந்தேகம் கீது. தமிழ்ல கடலுக்கு எத்தினி பேரு?" என்று கிசுகிசுத்தார். பாவி மனிதர்! இவர் நண்பரா, எதிரியா? கன்னம் வெடித்துவிடும் போலிருந்தது. தாங்கிக்கொண்டேன்.

டீனா படகின் இடப்பக்கம் தொலைநோக்கியை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். நான் ஒருவன் மட்டும் வலப்பக்கம் திரும்பியிருந்தேன். அப்போது தண்ணீரிலிருந்து ஒரு மூக்கு வந்தது. மீசை முளைத்த ஒரு மொத்தையான மூக்கு! புஸ்ஸென்று ஒரு மூச்சு. பின்னாலேயே பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய முதுகு. கைக்கெட்டும் தூரம்!

டீனாவின் தோளைத் தட்டினேன். "உஷ்!" என்றார், திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். என் கையைத் தட்டிவிட்டார், திரும்பவில்லை. அவரைக் குறை சொல்வேனா? நான் கூப்பிட்டால் திரும்பாமலிருக்க நாற்பது ஆண்டுகள் பயிற்சி எடுத்தவர் அல்லவா? அந்தப் பயிற்சியைக் கொடுத்தவனே நான்தானே! பசு உள்ளே போய்விட்டது.

அன்பர்களே, அந்த நேரத்தில் நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! சொல் இருந்தது. கோடிச் சொல் இருந்தது. "டீனா, இதோ!" என்று இரண்டு சொல் போதும். ஆனால் அந்த இரண்டு சொல் பசுவின் காதில் விழுந்தால், முப்பது ஆண்டுக் கேள்விக்கு இவர் செத்தபிறகும் "இல்லம்மா" என்பதுதான் பதில். நீரில் மறுபடி குமிழ் வந்தது. மறுபடி அந்த மூக்கு. இந்த முறை அதன் அருகே இன்னொரு குட்டி மூக்கு! தாயும் கன்றும்!

நான் எழுந்தேன். ஊர் பார்க்க, பாய் பார்க்க, சாந்தோம் பங்குக் கோயிலில் ஞாயிறுதோறும் மனைவியிடமிருந்து ஒரு முழ இடைவெளி விட்டு அமரும் நான், அவர் முகத்தை என் இரண்டு கையாலும் பிடித்தேன். அப்படியே வலப்பக்கம் திருப்பினேன். பாய், "யா அல்லாஹ்!" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

என்னை அடிக்க ஓங்கிய டீனாவின் கை அந்தரத்தில் நின்றது. டீனா பார்த்தார். தாய் மூச்சுவிட்டது, கன்று மூச்சுவிட்டது. கன்று தாயின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது, மறுபடி ஏறியது. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். டீனாவின் கண்ணீர் என் கையில் வழிந்தது. உதடு மட்டும் அசைய, காற்றில் கரையும் குரலில் சொன்னார்: "கொம்பு இல்லீங்க."

என் வாய்த் தண்ணீர் எப்போது உள்ளே போனதென்று எனக்குத் தெரியாது. வாய் காலியாக இருந்தது. பேசத் தடையில்லை. ஆனாலும் நான் பேசவில்லை. பேசவேண்டும் என்றே தோன்றவில்லை. இதை நம்பமாட்டீர்கள், பாய் சாட்சி.

"நெஜந்தான்! சார் கம்முனு கெடந்தாரு! நான் ஒடம்பு சரியில்லன்னு நெனச்சேன்!" என்கிறார். நன்றி பாய்.

கப்பல் கிளம்பிய அன்று மாலை, மேல்தளத்தில் எல்லோரும் கூடினார்கள். மஹ்விஷ் டீனாவை எழுந்து நிற்கவைத்து, பார்த்ததைச் சொல்லச் சொன்னாள். இவர் சொன்னார். ஆகா, என்ன சொன்னார்! அந்தப் புல் எப்படி வளர்கிறது, அந்தத் தாய் எத்தனை ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும், நூக்கரத்தினத்தின் ஊர் ஏன் அங்கே வலை வீசுவதில்லை என்று சொன்னார். விளிப்பில்லை, அடுக்குமொழியில்லை. கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இவருடைய வகுப்பறைக்கு வெளியே எத்தனையோ மாலை ஸ்கூட்டரோடு நின்றிருக்கிறேன். உள்ளே ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. என் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு பேச்சாளர் இருந்திருக்கிறார், அவருக்கு நான் ஒரு முறைகூட இடம் விட்டதில்லை!

ஆகவே கேட்கிறேன், அவையோரே! வாயுள்ளதெல்லாம் வாழ்த்தொலி எழுப்பினால், வாயற்றவை எங்கே போய் மூச்சுவிடும்? அடையாற்றின் முகத்துவாரத்துக்கு வரும் பறவை நம் ஒலிபெருக்கிக்கு மேலே நின்றா பாடும்? பெசன்ட் நகர்க் கரையில் நம் கூச்சலைத் தாண்டி, பக்கத்துக் குப்பத்து மக்கள் சொல்வது நம் காதில் விழுகிறதா? நம் வீட்டு அடுக்களையில், நம் வீட்டுக் கூடத்தில், ஒரு மூச்சுக்காக மேலே வந்து, நம் சத்தத்தைக் கேட்டு மறுபடி உள்ளே போய்விட்டவர் எத்தனை பேர்? கணவன்மார்களே, திரும்பிப் பாருங்கள்! பக்கத்தில் இருக்கிறார்கள்! கொஞ்சம் நிறுத்துங்கள், வருவார்கள்! கொஞ்சம் பொறுங்கள், பேசுவார்கள்! கொஞ்சம் கேளுங்கள், நாம் இத்தனை ஆண்டு பேசியதைவிட நல்லதாக நாலு வார்த்தை சொல்வார்கள்!

மணி அடிக்கிறார் தலைவர். அடியுங்கள் ஐயா, இன்று உங்கள் மணி இனிக்கிறது. என்ன? பின்வரிசையில் என்ன சத்தம்? "இன்னும் கொஞ்சம் பேசுங்க சார்" என்கிறீர்களா? இந்த வரிசையும் கேட்கிறதா? தாய்மார்களுமா? தலைவரே, நீங்களுமா மணியைக் கீழே வைத்துவிட்டீர்கள்? ஐயோ, என் வாழ்நாளெல்லாம் எந்த மேடையிலும் என் காதில் விழாத வார்த்தையல்லவா இது! இதற்காகத்தானே இத்தனை ஊர் அலைந்தேன்!

மாட்டேன். பேசமாட்டேன்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம். தம்பி, மைக்கைக் கொஞ்சம் இறக்கி வை, அம்மா என்னைவிடக் குள்ளம். டீனா, வா. நீ சொல்லு, நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.